கஸ்பாருக்கு ஒரு நண்பர்

ஜூன் 9, திங்கள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாலிபாலில் சர்வீஸ் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் ஓடி வந்து, "டீச்சர், உங்க மாமியார் கேட்ல நிக்காவ" என்றார். போய்ப் பார்த்தால் மாமி செருப்பில்லாமல் நிற்கிறாள்.

"ஏ செரபி, அவன மறுபடியும் பிடிச்சிட்டுப் போயிட்டாவ."

"ஜாமீன்ல இருக்கறவர எப்படிப் பிடிப்பாவ?"

"எனக்கென்னட்டி தெரியும்? ஒரு தாளக் காட்டினாவ. சட்டைய மாட்டக்கூட விடல."

கஸ்பார், என் வீட்டுக்காரர், கடலுக்குள் மூழ்கிச் சங்கு குளிப்பவர். மார்ச்சில் ஒருநாள் கரைக்கு வந்த படகைச் சுங்கத்துறை மடக்கியது. இவருடைய சங்குப் பையில் தங்கம் இருந்தது. கூட வந்த இரண்டு பேர் தண்ணீரில் குதித்து ஓடிவிட்டார்கள். இவர் ஓடவில்லை. மே மாதம் ஜாமீன் கிடைத்தது. ஒருநாள்கூடத் தவறாமல் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தார். அவர் சங்கெடுக்கத்தான் போனார். பைக்குள் வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். இதைத்தான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ஸ்டேஷனுக்குப் போனேன். "இது கோர்ட் ஆர்டர் இல்லம்மா, கவர்மென்ட் ஆர்டர். எங்களக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல" என்றார்கள். யாரைக் கேட்க வேண்டும் என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினார்கள். மேலே மின்விசிறிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது இட்லி மாவு பொங்கி மேடை முழுக்க வழிந்திருந்தது. துடைத்தேன்.

ஜூன் 10

சென்னைக்கே கொண்டுபோய்விட்டார்கள். புழல்.

ஜூன் 14, சனி

மதுரைக்குப் போய் வழக்கறிஞர் மங்கையர்க்கரசியைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். பேசும்போதே அடுத்த கேஸ் கட்டை அவிழ்த்துக்கொண்டிருப்பவர். ஜெயிலில் கஸ்பாருக்குக் கொடுத்து, வீட்டுக்கும் அனுப்பியிருந்த காகிதங்களின் நகலை நான் நீட்டியபோது மட்டும் கையை நிறுத்தினார்.

"இது காஃபிபோசாம்மா. தடுப்புக் காவல். தண்டனை இல்லன்னு சொல்லுவாங்க. வெளிய விட்டா மறுபடி கடத்திருவாருன்னு முன்கூட்டியே பிடிச்சு வைக்கிறது. ஒரு வருசம் வரைக்கும் வைக்கலாம். ஜாமீன் கிடையாது."

"செஞ்சதுக்கு ஏற்கெனவே ஒரு கேஸ் இருக்கே மேடம்."

"அது அது பாட்டுக்கு நடக்கும். இது இனிமே செய்யப்போறதுக்கு."

"என் டீம்ல ஒரு பிள்ள ஃபவுல் பண்ணும்னு எனக்குத் தோணினா, ஆட்டம் ஆரம்பிக்க முன்னாலயே வெளிய உக்காரவைக்க முடியுமா? அவ அம்மா என்னைய விடுவாளா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு பொறுமையாக விளக்கினார். மூன்று பேர் கொண்ட அறிவுரைக் குழுமம் ஒன்று கஸ்பாரைக் கூப்பிட்டு விசாரிக்கும். காவலில் வைத்தது சரிதான் என்று அவர்கள் சொல்லிவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். குழுமத்துக்குள் வக்கீல் வர முடியாது.

"நான் போகக்கூடாது. ஆனா நண்பர்னு ஒருத்தர அவரு கூட வச்சுக்கலாம். முன்னாடியே எழுதிக் கேக்கணும். யாராவது இருக்காங்களா?"

"நான் இருக்கேன்."

"நீங்க மனைவி."

"அவருக்கு வேற நண்பர் கிடையாது மேடம். கடலுக்கடியில ஒத்தையா வேல செய்யறவரு."

எழுதிக்கொண்டார்.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வீட்டில் தொம்மை உட்கார்ந்திருக்கிறான். மச்சாது அண்ணாச்சியின் ஆள். எங்கள் தெருவில் பாதிப் படகுகள் மச்சாதுவுடையவை. அன்று கஸ்பார் போனதும் அவருடைய படகில்தான். பக்கத்தில் ஓர் அரிசி மூட்டை. மாமி அதற்குள் அவனுக்குக் காப்பி கொடுத்திருந்தாள்.

"அண்ணாச்சி ரொம்ப வருத்தப்படுதாவ மைனி. ஒரு வருசந்தான, கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள ஓடிரும். அதுவரைக்கும் வீட்ட நாங்க பாத்துக்கிடுதோம். வக்கீலு, ஐகோர்ட்டுன்னு நீங்க அலைய வேண்டாம். தோண்டித் தோண்டிக் கேப்பான். ஊர்ல பெரியாளுக பேரெல்லாம் வெளிய வரும்."

"யாரு பேரு வரும் தொம்மை?"

அவன் காப்பியைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லாத பேரு எதுக்கு வெளிய வரப்போவுது? அரிசிய எடுத்துட்டுப் போ."

அரிசி போனதில் மாமிக்குக் கோபம். சாயங்காலம் கஞ்சி வைத்துத் தனியாகக் குடித்தாள்.

ஜூன் 17

தாளாளர் சிஸ்டர் அமலோற்பவம் கூப்பிட்டனுப்பினார்கள். உட்காரச் சொன்னார்கள். அதிலேயே தெரிந்துவிட்டது.

"பேப்பர்ல பேர் வந்திருக்கு செரஃபின். பேரன்ட்ஸ் கேக்கறாங்க. இது முடியற வரைக்கும் லீவுல இரேன். உனக்கும் மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

"எழுத்துல குடுங்க சிஸ்டர். என்ன காரணம்னு போட்டுக் குடுங்க."

"நான் உன் நன்மைக்குத்தான்..."

"எங்க வீட்டுக்காரர உள்ள வச்சிருக்கறவங்களும் காரணம் எழுதித்தான் குடுத்திருக்காங்க. நீங்களும் குடுங்க. பதில் எழுதுதேன்."

தரவில்லை. அடுத்த பீரியடுக்கு மைதானத்துக்குப் போய்விட்டேன்.

ஜூன் 28, சனி

புழல். மூன்று இடத்தில் சோதனை. கொண்டுபோன முறுக்கை உடைத்து உடைத்துப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் போன். பக்கத்தில் ஒரு அதிகாரி குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். கஸ்பாருக்கு இடது செவிப்பறை பல வருடங்களுக்கு முன்பே ஆழத்தில் கிழிந்துபோனது. வலது காதும் அரைதான். போனை வலது காதில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"மருந்து குடுக்காவளா?"

"மருதுவா? யாரு மருது?"

மைதானத்தில் கத்துகிற மாதிரி கத்தினேன். அந்த வரிசை முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. மருந்து தருகிறார்களாம். இளைத்திருக்கிறார். தாடியில் நரை தெரிகிறது.

பிறகு சொன்னார். "செரபி, வக்கீலெல்லாம் வேண்டாம். கெடந்துட்டு வாறேன். அன்னைக்கு எடுத்தது சங்கு இல்ல. உனக்குத் தெரியும்லா?"

அதிகாரியின் பேனா நின்றது.

நான் போனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியோடு ஒட்டி நின்று கத்தினேன். "அதுக்குத்தான் கேஸ் இருக்கு. அங்க நின்னு என்ன சொல்லணுமோ சொல்லுங்க. குத்தம்னா ஜட்ஜு தண்டன குடுக்கட்டும், நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா ஒரு வார்த்த கேக்காம ஒரு வருசம் அடைச்சு வைக்கதுக்கு நான் விட மாட்டேன்."

"மெதுவாப் பேசும்மா" என்றார் அதிகாரி.

"அவருக்குக் காது கேக்காது சார். நீங்களும் கேட்டுக்கிடுங்க."

வக்கீல் அனுப்பிய முறையீட்டு மனுவில் கஸ்பார் கையெழுத்துப் போட்டுச் சிறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். 'எனக்குக் காது சரியாகக் கேட்காது. குழுமத்தின் முன் என் மனைவி செரஃபின் நண்பராக உடனிருக்க அனுமதிக்க வேண்டும்.'

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் சொன்னதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 6

வாஷிங் மெஷினை விற்றுவிட்டேன். பிப்ரவரியில்தான் வாங்கி வந்தார். சங்கு நல்ல விலைக்குப் போனதாகச் சொன்னார். அப்போது பரீட்சை நேரம், நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. வக்கீல் செலவுக்கு ஆகும். கையால் துவைத்தால் தோளுக்கு நல்லது.

ஜூலை 23, புதன்

சென்னை. குழுமம் கூடுகிற நாள். ஒரு பெரிய கட்டடத்தில் முதல் மாடி. நீளமான தாழ்வாரத்தில் பெஞ்சு. என்னிடம் இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

சுங்கத்துறை அதிகாரிகள் மூன்று பேர் கோப்புகளோடு வந்தார்கள். வாசலில் இருந்த உதவியாளர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். பிறகு போலீஸ்காரர்கள் கஸ்பாரைக் கூட்டி வந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். உதவியாளர் கையை நீட்டி மறித்தார்.

"நீங்க யாரு?"

"நண்பர்."

"என்ன உறவு?"

"மனைவி."

"மனைவின்னா நண்பர் இல்லையேம்மா."

"பதினோரு வருசமா இருக்கேன், எனக்குத் தெரியாதா? முன்னாடியே எழுதிக் கேட்டிருக்கு. உள்ள போய்ச் சொல்லுங்க."

"கூப்பிடுவாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் குரல் கேட்டது. அவருடைய குரல் இல்லை. இங்கிலீஷில் யாரோ வாசிப்பது மாதிரி, விளக்குவது மாதிரி நீண்டுகொண்டே போனது. எழுந்து போய், "இப்பவாவது சொல்லுங்க சார்" என்றேன். "உக்காருங்கம்மா" என்றார். கதவைத் தட்டப் போனேன். போலீஸ்காரப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை மென்மையாகத்தான் இருந்தது.

அதிகாரிகள் வெளியே வந்தார்கள். எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டு போனார்கள். அடுத்து கஸ்பார்.

"என்ன கேட்டாவ?" என்று அவர் வலது பக்கம் போய் நின்று கத்தினேன்.

"தெரியல. வாய் அசைஞ்சுது. நடுவுல உக்காந்திருந்தவரு என்னையப் பாத்தாரு. ஆமான்னு தலைய ஆட்டினேன்."

"எத்தன தடவ?"

"கேட்டப்பல்லாம்."

கொண்டுபோய்விட்டார்கள்.

கீழே இறங்கி ஒரு கடையில் வெள்ளைத்தாள் வாங்கினேன். நண்பராக வந்தவளை உள்ளே விடவில்லை, அதிகாரிகளை மட்டும் பேச விட்டார்கள் என்று அங்கேயே நின்று எழுதினேன். மறுபடி மேலே ஏறித் தபால் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன். அங்கிருந்த பெண் தயங்கினாள். முத்திரை வாங்காமல் நகர மாட்டேன் என்றேன். குத்திக் கொடுத்தாள்.

எனக்கு அழுகை வந்தது படியில் இறங்கும்போதுதான். ரொம்ப நேரம் இல்லை.

ஆகஸ்ட் 5

பனிமய மாதா திருவிழா. ஊரே தெருவில். மச்சாது அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மாதாவைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஆகஸ்ட் 12

காவலில் வைத்தது சரிதான் என்று குழுமம் சொல்லிவிட்டதாம். ஒரு வருடத்துக்கு உறுதி செய்து அரசு ஆணை வந்துவிட்டது. மங்கையர்க்கரசி போனில் படித்துக் காட்டிவிட்டு, "இப்பத்தாம்மா நம்ம ஆட்டம்" என்றார்.

மாமி முதல் முறையாகக் கேட்டாள். "அந்த ரூமுக்குள்ள அவன்ட்ட பேசினது அவனுக்குக் கேக்கவே இல்லையா?"

"இல்ல மாமி."

"சின்னப் புள்ளயில கூப்பிட்ட ஒடனே ஓடி வருவான்" என்றாள். 

ஆகஸ்ட் 20

மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு தாக்கல். மனுதாரர் பெயர் என் பெயர்.

செப்டம்பர் 11

மண்டலப் போட்டிக்கு டீமைக் கூட்டிப் போக வேறு டீச்சரை ஏற்பாடு செய்திருப்பதாக சிஸ்டர் சொன்னார்கள். பிள்ளைகள் பஸ்ஸில் ஏறாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசியில் சிஸ்டரே வந்து, "போய்த் தொலை" என்றார்கள். அரையிறுதியில் தோற்றோம். எதிர் டீம் நன்றாக ஆடியது.

அக்டோபர் 7

அரசுத் தரப்பு அவகாசம் கேட்டது. தள்ளிவைப்பு.

அக்டோபர் 24

மறுபடியும் தள்ளிவைப்பு. மழை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் முழங்கால் வரை நனைந்தேன். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்த அம்மா எதற்கு மதுரைக்கு வந்தீர்கள் என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் ஜெயில்ல இருக்காரு, கோர்ட்டுக்கு வந்தேன்" என்றேன். முன்பெல்லாம் சொந்தக்காரங்க வீடு என்பேன். அந்த அம்மா பாதி ஆரஞ்சைப் பிய்த்துக் கொடுத்தாள்.

நவம்பர் 12, புதன்

இன்று விசாரணை நடந்தது. மாமியும் வருவேன் என்று நின்றாள். கூட்டிப் போனேன்.

இரண்டு நீதிபதிகள். மங்கையர்க்கரசி அதிகம் பேசவில்லை. முறையீட்டு மனுவில் இருந்த அந்த வரியையும், நான் முத்திரை வாங்கிய தாளையும் காட்டினார். "அரசுத் தரப்பு உள்ளே பேசியது. காது கேளாத மனிதருக்காகப் பேச வந்தவர் வாசலில் உட்காரவைக்கப்பட்டார்" என்றார்.

அரசு வழக்கறிஞர் எழுந்து, மனைவியை நண்பராகக் கருத முடியாது என்றார். அதிகாரிகள் வாதாடவில்லை, கேட்ட சந்தேகத்துக்கு விளக்கம்தான் சொன்னார்கள் என்றார்.

மூத்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மனைவி நண்பராக முடியாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?"

குழுமத்தின் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பக்கங்களைப் புரட்டினார். பக்கத்து நீதிபதிக்கு ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். அதிகாரிகள் பேசியது பக்கம் பக்கமாக இருந்ததாம். கஸ்பார் பேசியதாக ஒரே ஒரு வரி. 'ஒப்புக்கொண்டார்.'

"இவர் எதை ஒப்புக்கொண்டார் என்று இவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார் நீதிபதி. யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அரசு வழக்கறிஞர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் மாமி என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இங்கிலீஷ் புரியாமலே அவளுக்கு என்னவோ புரிந்திருந்தது.

தீர்ப்பு ஒத்திவைப்பு.

நவம்பர் 19, புதன்

ரத்து.

மங்கையர்க்கரசி தீர்ப்பைத் தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். விசாரணை இல்லாமல் ஒருவரை அடைத்துவைக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. அதனால்தான் அவருக்கு மிஞ்சியிருக்கும் சின்னச் சின்னப் பாதுகாப்புகளில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது. தன் தரப்பைச் சொல்ல இருந்த ஒரே வாய்ப்பு இவருக்குக் கிடைக்கவில்லை. உடனே விடுவிக்க வேண்டும். கடத்தல் சிறிய குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை, அந்த வழக்கு தன் வழியில் நடக்கட்டும்.

'குற்றமற்றவர்' என்ற சொல் வருகிறதா என்று கடைசி வரை கவனித்தேன். வரவில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் இது இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

புழல் வாசலில் மச்சாதுவின் கார் நின்றது. தொம்மை சால்வையோடு நின்றான்.

கஸ்பார் சின்னக் கதவு வழியாகக் குனிந்து வந்தார். தொம்மை ஓடிப்போய்ச் சால்வையைப் போர்த்தினான். "அண்ணாச்சி வண்டி அனுப்பிருக்காவ. நேரா வீட்டுக்குப் போயி, நாளைக்கு அண்ணாச்சியப் பாத்துட்டு..." என்று இழுத்தான்.

கஸ்பார் என்னைப் பார்த்தார். "என்ன செய்யட்டும்?"

"எங்கிட்ட கேக்காதிய. நான் பஸ்ல போறேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நிறுத்தத்துக்குப் போய்த்தான் திரும்பினேன். வந்துகொண்டிருந்தார். தோளில் சால்வை இல்லை.

பஸ்ஸில் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தேன். பஸ் நெடுஞ்சாலைக்கு வந்ததும், "ரெண்டு தடவ கடலடியில போட்டிருந்த தங்கத்த எடுத்துக் குடுத்தேன் செரபி. பிப்ரவரியிலயும்" என்றார்.

"ம்."

"ஒனக்குக் கோவம் இல்லையா?"

"நெறைய இருக்கு. வீட்டுக்குப் போனதும் சொல்லுதேன். இங்க கத்தினா டிரைவர் எறக்கி விட்ருவாரு."

டிசம்பர் 3

காலையில் கதவைத் திறந்தால் வாசல் முழுக்க மீன் கழிவு. யார் கொட்டியது என்று கேட்க வேண்டியதில்லை. கஸ்பார் வழக்கில் என்ன சொல்லப்போகிறார் என்பது தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

நான் துடைப்பத்தை எடுப்பதற்குள் மாமி நடுத்தெருவுக்குப் போய்விட்டாள். "எவம்ல அது? ஆம்பளையா இருந்தா வெளிச்சத்துல வந்து கொட்டுல! எம்மவன் தப்புப் பண்ணினான், போயிச் சொல்லப்போறான். நீ என்னல பண்ணின, குடலக் கொட்டினவனே!"

நாலு வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டு வியாகுலம் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். கையில் நாற்றம் மதியம் வரை போகவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

தங்க வழக்கு. குற்றச்சாட்டைப் பதிவு செய்கிற நாள். மங்கையர்க்கரசி நேற்றே எச்சரித்துவிட்டார். "வாயத் திறந்தா தண்டன நிச்சயம். திறக்காட்டி சாட்சி பலமா இல்லன்னு வெளிய வரக்கூட வாய்ப்பிருக்கு. யோசிச்சுக்கங்க." கஸ்பார், "யோசிச்சாச்சும்மா. உள்ள யோசிக்கத்தான நேரம் இருந்துச்சு" என்றார்.

நீதிபதிக்கு வயது குறைவு. காது விஷயத்தை வக்கீல் சொன்னதும், கஸ்பாரைக் கூண்டிலிருந்து இறங்கித் தன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். குற்றச்சாட்டைச் சத்தமாகப் படித்தார். கேட்டதா என்றார். இன்னொரு முறை படித்தார்.

"குற்றத்த ஒப்புக்கொள்றீங்களா?"

"எடுத்தது நாந்தான்யா. எடுக்கச் சொன்னது யாருன்னும் சொல்லணும்."

பின்வரிசையில் தொம்மை எழுந்து வெளியே போனான்.

"நீங்க சொல்றது உங்களுக்கே எதிரா வரும். தெரியுமா?"

"தெரியும்யா."

"இத்தனை மாசமா ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"இப்போ பயம் இல்லையா?"

"இப்பவும் இருக்குய்யா. ஆனா இங்க நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேப்பிய."

நீதிபதி எழுத்தரைப் பார்த்தார். "நாற்காலி போடுங்க. அவர் உக்காந்து சொல்லட்டும்."